மறு: ஆட்டோலைசிஸ் – தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனைவருக்கும் வணக்கம். கால்நடை மருத்துவ மாணவர்களுக்கான பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல்லில் நிற்கிறேன். 1986-இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட, மேட் கவ் என்று செய்தித்தாள்கள் எழுதிய மாட்டு மூளை நோய் பற்றிய அத்தியாயம். 2001-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்நோய்க்கான துரிதச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. பண்ணையில் தானாகச் செத்த மாடுகளுக்கும் உண்டு. செத்து நாளானால் மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கரண்டியை விட்டு எடுக்கும்போது மூளை கூழாக வருகிறது. ஆட்டோலைசிஸ் என்கிற அதற்கு 'அழுகல்' என்று போட்டேன். அழுகல் பாக்டீரியா செய்வது, இது செல்லின் சொந்த நொதிகள் செய்வது என்று பதிப்பாசிரியர் சிவப்பில் சுழித்துவிட்டார்.
– ம.

தற்சிதைவு. தன் + சிதைவு, வல்லினம் வர னகரம் றகரமாகும். தற்காப்பு, தற்பெருமை போல. தயவுசெய்து யாரும் 'தன்சிதைவு' என்று எழுத வேண்டாம், கண் எரிகிறது.
– இ.

தற்கொலையும் அதே வரிசைதான் ஐயா, மாடு தானே செய்துகொண்டது போல இருக்கிறது :) இலங்கையில் மின்பகுப்பு, நீர்ப்பகுப்பு என்றுதான் படித்தோம். 'லைசிஸ்' எங்கு வந்தாலும் பகுப்பு. ஆக, தற்பகுப்பு.
– யோ.

கிரேக்கத்தை ஏன் துண்டு துண்டாகப் பெயர்க்கிறீர்கள்? நம்மிடம் 'ஊழ்த்தல்' இருக்கிறது. மலர்தல், முதிர்தல், பதனழிதல் எல்லாம் அதற்குள் அடக்கம். 'இணரூழ்த்தும் நாறா மலரனையர்' (குறள் 650) நினைவில்லையா? வெளியிலிருந்து எதுவும் வராமல் தானே முதிர்ந்து கெடுவது. ஊழல் என்பதே பொருத்தமான சொல்.
– பெ.

"ஊழல் மாதிரிகளில் துரிதச் சோதனை நம்பகமானதா?" – பையன்கள் டெண்டர் விவகாரம் என்றுதான் படிப்பார்கள், ஐயா.
– யோ.

அரசியல்வாதி எடுத்துக்கொண்டான் என்பதற்காகச் சொல்லை அவனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவதா?
– பெ.

கால்நடை மருத்துவராக ஒரு வார்த்தை. எதை வேண்டுமானாலும் வையுங்கள், 'தன்னழிவு' மட்டும் வேண்டாம் (முன்பு இங்கே யாரோ சொன்னது). ஏனென்றால் எல்லாமே அழிந்துவிட்டது போல ஒலித்து விஷயமே தலைகீழாகிவிடும். மூளை கூழானால் நுண்ணோக்கிப் பரிசோதனைதான் படுத்துவிடுகிறது; நோய் போட்ட ஓட்டை எது, கெட்டதால் வந்த ஓட்டை எது என்று தெரியாது. துரிதச் சோதனை தேடுவது இந்த நோயில் மூளையில் சேரும், மடிப்பு மாறிய பிரியான் என்ற புரதத்தை. மற்ற புரதங்களைக் கரைக்கும் புரோட்டினேஸ்-கே நொதிக்கே அது எளிதில் மசியாது, பெரும்பாலான துரிதச் சோதனைகள் இதை நம்பித்தான் நிற்கின்றன. அதனால் கெட்ட சாம்பிளிலும் பெரும்பாலும் அது தப்பி நிற்கும், பாசிட்டிவ் வந்தால் பாசிட்டிவ்தான். நெகட்டிவ்வில்தான் வம்பு. மூளைத்தண்டில் ஓபெக்ஸ் என்ற குறிப்பிட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டும். கூழில் அது எங்கே இருக்கிறது என்று யார் கண்டது? அந்த நெகட்டிவ்வை வைத்து மாட்டுக்கு நோயில்லை என்று கையெழுத்துப் போட முடியாது.
– டாக்டர் சு.

ஓபெக்ஸ் இலத்தீனில் தாழ்ப்பாள். 'அன்பிற்கும் உண்டோ அடைக்கும் தாழ்' – மூளைத்தாழ் என்று வைக்கலாமே!
– இ.

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்குங்களேன், கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டர் சொன்னதைப் பார்த்தால் 'சிதைவு' தாங்கும், 'அழிவு' தாங்காது. யோ. சொன்ன தற்பகுப்பு சீராகத்தான் இருக்கிறது, ஆனால் வேதியியல் வகுப்பு வாசனை அடிக்கிறது. தற்சிதைவு என்றே போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ஆட்டோலைசிஸ். நெகட்டிவ் பற்றி டாக்டர் எழுதியதை அப்படியே பெட்டிச் செய்தியாகப் போட அனுமதி வேண்டும்.
– ம.

தாராளமாக. நாங்கள் கூழ் சாம்பிள் என்றே சொல்லிக்கொண்டிருப்போம், அதை விடுங்கள்.
– டாக்டர் சு.

எனக்கு ஒப்பில்லை, பதிவில் இருக்கட்டும். அகராதியில் ஊழ்த்தலைப் பார்க்காமலேயே முடித்துவிட்டீர்கள். அப்புறம், இத்தனை மடலில் 'சாம்பிள்' என்பதை ஒருவரும் ஏன் தொடவில்லை?
– பெ.