ஷாக் அப்சார்பருக்குத் தமிழ்: 'துள்ளடக்கி' என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வண்டிச் சக்கரத்தருகே ஸ்பிரிங்கோடு இருக்கும் ஷாக் அப்சார்பருக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் அதிர்ச்சி உறிஞ்சி, அதிர்வு ஏற்பி, அதிர்வுதாங்கி என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றும் ஆங்கிலப் பெயரை எதிரே வைத்துக்கொண்டு செய்தவை. அந்தப் பெயரே பொருளுக்குச் சரியாகப் பொருந்தாதது, பிரிட்டனில் பொறியாளர்கள் அதை விட்டுவிட்டு 'டேம்பர்' (damper, ஆட்டத்தைத் தணிப்பது) என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். நாம் ஏன் பொருந்தாத பெயரைத் தேடிப்போய் மொழிபெயர்க்க வேண்டும்?

சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்வதில்லை, அப்படியே திருப்பித் தந்துவிடும். தடுக்க ஆளில்லை என்றால் வண்டி வெகுதூரம் துள்ளிக்கொண்டே போகும், வளைவில் அப்படித் துள்ளினால் டயர் தரையை விட்டுவிடும். ஸ்பிரிங்குக்குள்ளே இருக்கும் குழல், பிஸ்டன், எண்ணெய் மூன்றும் சேர்ந்து செய்வது அந்தத் துள்ளலை ஒன்றிரண்டு ஆட்டத்தோடு நிறுத்துகிற வேலை. பிஸ்டனில் இருக்கும் சின்னத் துளைகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு போகிறது, அந்த நெருக்கலில் ஆற்றல் சூடாகி, குழலின் சுவர் வழியே காற்றில் கலந்துவிடுகிறது. உறிஞ்சி என்றால் உள்ளே இழுத்து வைத்துக்கொள்வது என்றுதான் யாருக்கும் தோன்றும். இது எதையும் வைத்துக்கொள்வதில்லை.

சேலத்துக்காரர்கள் இதைக் கையாலேயே சோதித்துப் பார்க்கலாம். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தியதும் பின்பக்கக் குழல் இரண்டையும் தொட்டுப் பாருங்கள். ஒழுங்காக வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும், எண்ணெய் ஒழுகிப்போனது சூடே ஏறாமல் கிடக்கும். என்னிடம் இருக்கும் பழைய எஸ்டி (Yezdi) மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் சைலன்சர் உண்டு, அதனால் ஒரு பக்கம் மட்டும் சைலன்சர் சூட்டில் காய்ந்தது என்று சொல்லவும் வழியில்லை.

அதைச் செய்த மைசூர் தொழிற்சாலை 1996இல் மூடப்பட்ட பிறகு எஸ்டிக்குப் பழைய உதிரிபாகம் தேடுவது பெரும்பாடு, அதனால்தான் பலரும் வீட்டிலேயே பிரித்துப் பார்க்கிறோம். என் வண்டியில் இருந்த ஜோடிக்குத் தலைமூடி மரையில் கழன்று வரும். ஸ்பிரிங்கை இறுக்கும் கருவி போட்டுப் பிடித்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் முகத்துக்கே வரும். உள்ளே இருந்த எண்ணெய் கறுத்துப்போய், தீய்ந்த வாடையோடு தண்ணீர் மாதிரி ஓடியது. பிஸ்டன் தண்டில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் உரசும் இடத்தில் குரோம் உரிந்து ஊசிமுனை அளவுக்குத் துருக்குழிகள் இருந்தன. அந்தக் குழிகள்தான் சீலின் உதட்டைக் கிழித்து எண்ணெயை வெளியே விடுகின்றன, தண்டைச் சரிசெய்யாமல் புது சீல் மட்டும் போட்டால் சீக்கிரமே மறுபடியும் ஒழுகும். லேத் பட்டறையில் கொடுத்துத் தண்டைத் தேய்த்து ஹார்டு குரோம் பூசி வாங்கி, புது சீல் போட்டு, அளந்த எண்ணெய் ஊற்றி, குழலை நேராக நிறுத்தி மெதுவாக அமுக்கி இழுக்க வேண்டும். முதலில் நடுவில் ஓரிடத்தில் பிடிமானமே இல்லாமல் சட்டென்று காலியாக இறங்கும், அது காற்று. அது வெளியேறிய பிறகு அமுக்கினால் நிதானமாக இறங்கும், இழுத்தால் அதைவிட நிதானமாக, கை வலிக்கிற அளவுக்கு முரண்டு பிடித்து மேலே வரும். ஸ்பிரிங் திருப்பித் தருவதைப் பிடித்து நிறுத்தத்தான் மேலே வரும்போது இவ்வளவு தடை.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் சொன்னது: "ஸ்பிரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, துள்ளுனா அடங்க மாட்டேங்குது." எனக்குச் சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. துள்ளு + அடக்கி = துள்ளடக்கி. ஒலிபெருக்கி, சுமைதாங்கி, இடிதாங்கி எல்லாம் எப்படி உருவானவையோ இதுவும் அப்படியே.

> தணிப்பான் என்று ஏற்கெனவே புழங்குகிறதே, அது போதாதா?

பொதுச்சொல்லாக இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. வாஷிங் மெஷின் தொட்டியின் ஆட்டத்தை நிறுத்துவதையும், உயரமான கட்டடத்தின் அசைவைக் குறைப்பதையும் தணிப்பான் என்றே சொல்லலாம். ஆனால் பட்டறையில் போய்த் தணிப்பான் என்றால் எதைத் தணிப்பது என்று கேட்பார்கள். காய்ச்சலும் தணியும், தாகமும் தணியும். பள்ளி இயற்பியலில் 'தடையுறு அலைவு' (damped oscillation) என்று படித்தவர்களுக்கும் அந்தச் சொல் வண்டியை நினைவூட்டாது.

> அடக்கம் என்றாலே சவ அடக்கம் நினைவுக்கு வருகிறது.

எனக்கு வரவில்லை ஐயா. நம் மாவட்டத்தில் கூலமேட்டு ஜல்லிக்கட்டுக் காளை துள்ளுவதைப் பார்த்தவர்களுக்குத் துள்ளலும் அடக்குவதும் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். துள்ளுவது தானாக நிற்காது, ஒருவர் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற பொருள் 'அடக்கு' என்பதில் இருக்கிறது, 'தணி' என்பதில் இல்லை.

> எண்ணெய் என்பது பெயரில் வர வேண்டாமா?

வேண்டாம். எண்ணெய்க் குழல் பரவலாவதற்கு முன்னால் உராய்வுத் தட்டுகளைத் திருகி இறுக்கித்தான் துள்ளலை நிறுத்தினார்கள், பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் முன்பக்கத்தில் அதற்கென்றே ஒரு திருகு இருக்கும். வேலையை வைத்துப் பெயரிட்டால் எண்ணெய்த் துள்ளடக்கி, உராய்வுத் துள்ளடக்கி, வளியடைத்த துள்ளடக்கி என்று வகை பிரிப்பது எளிது. வளியடைத்தது என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நைட்ரஜன் அடைத்த வகையை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது, உள்ளே பெரும் அழுத்தம் இருக்கிறது, மூடி தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

'அடக்கு' என்ற இதே வேரிலிருந்து வேறு சொற்களும் வருகின்றன. எண்ணெய் கெட்டியாக இருந்தால் அடுத்தடுத்த பள்ளங்களுக்கு நடுவில் மேலே வர நேரமில்லாமல் வண்டி கீழேயே உட்கார்ந்துபோகும், அது மிகையடக்கம். நீர்த்திருந்தால் குறையடக்கம். கீழே போகும்போது வரும் தடைக்கு 'அமுங்குதடை', மேலே வரும்போது 'மீள்தடை' என்று எழுதிப் பார்த்தேன், மோசமாக இல்லை.

அதிர்வுதாங்கியை முன்வைத்த அக்காவுக்கு: உங்கள் சொல்லைத் தள்ள வேண்டியதில்லை. பட்டறையில் ஸ்பிரிங்கும் குழலும் சேர்ந்த மொத்தத்தையும் 'ஷாக்' என்கிறார்கள். அந்த மொத்தத்துக்கு அதிர்வுதாங்கி, உள்ளே இருக்கும் குழலுக்குத் துள்ளடக்கி என்று பிரித்துக்கொண்டால் இரண்டுக்கும் இடமிருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் (fork) இருப்பதற்கும் துள்ளடக்கியே பொருந்தும்.

சீலுக்கும் புஷ்ஷுக்கும் இப்போது சொல் தேட வேண்டாம், கடையில் அந்தப் பெயரில்தான் கிடைக்கிறது. மீள்தடைக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். கோவை, திருச்சிப் பக்கம் லேத் பட்டறையில் இருப்பவர்கள், பிஸ்டன் மேலே ஏறும் ஓட்டத்துக்குப் பேச்சில் ஏதாவது தமிழ்ச் சொல் வைத்திருந்தால் எழுதுங்கள். அது என் சொல்லைவிடச் சின்னதாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.