ஸ்கிரிப்டின் முதல் வரியில் (#! என்று தொடங்கும் வரி) எந்த இன்டர்பிரட்டர், அதாவது ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் புரோகிராம்? உங்கள் அனுபவம் என்ன?

என் அனுபவம் ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) சர்வரில். லினக்ஸில் நன்றாக ஓடிய ஷெல் ஸ்கிரிப்ட், அங்கே போனதும் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்றது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது! இல்லாதது ஸ்கிரிப்ட் அல்ல, முதல் வரியில் இருந்த /பின்/பாஷ், அதாவது ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் என்ற ஷெல். ஃப்ரீபிஎஸ்டியில் பாஷைத் தனியாக நிறுவ வேண்டும். நிறுவினாலும் அது /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் என்ற இடத்துக்குத்தான் போகும். #! வரியைப் படிக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதில் எழுதிய இடத்தைத் தவிர வேறெங்கும் தேடாது. அதனால் "/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்" என்று மாற்றினேன். என்வ் என்ற சிறு புரோகிராம், பாத் பட்டியலில் (புரோகிராம்களைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) பாஷைத் தேடி எடுத்துக் கொடுத்துவிடும்.

*

மேலே சொன்னது சரி, ஆனால் இடம் தெரிந்தால் மட்டும் போதாது, பதிப்பும் பார்க்க வேண்டும். மேக்கில் கூடவே வருவது பாஷ் 3.2. பாஷ் 4-இலிருந்து உரிமம் ஜிபிஎல் 3 ஆனதால் ஆப்பிள் அதோடு நின்றுவிட்டது. பெயரைச் சாவியாக வைக்கும் அசோசியேட்டிவ் அரே 4-இல்தான் வந்தது. அது வேண்டும் என்பதால் ஹோம்புரூ (மேக்கில் புரோகிராம் நிறுவும் கருவி) வழியாகப் புதிய பாஷ் போட்டிருந்தோம். டெர்மினலில் எல்லாம் ஒழுங்காக ஓடியது. இரவில் கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஓட்டும்போது மட்டும் உடைந்தது. கிரானின் பாத் மிகச் சுருக்கமானது, ஹோம்புரூ அதில் கிடையாது. என்வ் பழைய 3.2-ஐயே எடுத்துக் கொடுத்தது. என்னைக் கேட்டால், மனிதர் கையால் ஓட்டும் ஸ்கிரிப்டுக்கு என்வ் நல்லது. தானாக ஓடுவதற்கு முழுப் பாதையை எழுதுங்கள், அல்லது கிரானின் அட்டவணை ஃபைலான கிரான்டேபிலேயே பாத்தைக் கொடுத்துவிடுங்கள்.

*

/பின்/எஸ்ஹெச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் வசதிகளைப் பயன்படுத்துவதுதான் நான் அதிகம் பார்த்தது. உபுண்டுவில் 6.10 பதிப்பிலிருந்தே, அதாவது 2006 முதல், எஸ்ஹெச் என்பது டாஷ் என்ற சிறிய ஷெல். பாஷின் இரட்டைச் சதுர அடைப்பு, [[ ]], அதற்குப் புரியாது. ஆல்பைன் (மிகச் சிறிய லினக்ஸ்) கன்டெய்னரில் பாஷே கிடையாது, பிஸிபாக்ஸ் என்ற சிறு கருவித் தொகுப்பின் ஷெல்தான். சின்ன ஸ்கிரிப்ட் என்றால் போசிக்ஸ் (ஷெல்களுக்கான பொதுத் தரநிலை) அளவோடு நிறுத்தி, டாஷில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஷெல்செக் என்ற கருவியும் முதல் வரியை வைத்தே இதையெல்லாம் பிடித்துக் காட்டும். உண்மையிலேயே பாஷ் வேண்டுமென்றால் பாஷ் என்றே எழுதுங்கள்.

*

பைத்தான்காரர்களுக்கு: எண் இல்லாமல் வெறும் "பைத்தான்" என்று எழுதாதீர்கள், "பைத்தான்3" என்றே எழுதுங்கள். ஆர்ச் லினக்ஸில் 2010-லேயே வெறும் பைத்தான் என்பது 3 ஆகிவிட்டது, உபுண்டு 20.04-இல் அந்தக் கட்டளையே இயல்பாகக் கிடையாது. அப்புறம், லினக்ஸில் என்வுக்குப் பின்னால் எழுதுவது எல்லாம் ஒரே சொல்லாகத்தான் போகும். பைத்தான்3-உடன் ஏதாவது ஆப்ஷன் சேர்த்தால், இரண்டையும் ஒட்டி அந்தப் பெயரில் ஒரு புரோகிராமைத் தேடும்.