ஜிப்லைனுக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சொல்லாக்கக் குழு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நேபாளத்தின் முக்திநாத் கோயிலுக்குப் போகும் குழு ஒன்றுக்குப் பயணக் குறிப்பைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதுதான் திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்பதால் வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபது தாண்டியவர்கள், கூடவே பேரன் பேத்திகள். வழியில் பொக்காரா ஊரில் அரைநாள் சும்மா இருக்கிறது, அன்று காலை இளசுகளைச் சாரங்கோட்டு மலைக்கு ஜிப்லைனுக்குக் கூட்டிப்போகிறார்களாம். மேலிருந்து கீழே கட்டிய கம்பியில் தொங்கியபடி விரைந்து இறங்குவது அது. கம்பியின் நீளம் 1.8 கிலோமீட்டர், இறக்கம் 600 மீட்டர், வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர் வரை. ஜிப்லைன், ஹார்னஸ் (உடம்பில் கட்டும் வார்), காரபினர் (அந்த வாரை மாட்டும் கொக்கி) மூன்றுக்கும் சொல் வேண்டும். இப்போதைக்குக் 'கம்பிச் சறுக்கு' என்று போட்டு வைத்திருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை.
– வி.

தம்பி, சொல் ஏற்கெனவே பூங்காவில் கிடக்கிறது. குழந்தைகள் ஏறி வழுக்கி விளையாடுவதைச் சறுக்குமரம் என்கிறோமே, அதில் இன்றைக்கு மரம் எங்கே இருக்கிறது? எல்லாம் பிளாஸ்டிக், ஆனாலும் சொல் நிற்கிறது. அதே வழியில் சறுக்குகம்பி. வினைத்தொகை, ஆகவே நடுவில் 'க்' மிகாது. அச்சுக்குப் போகும்போது யாராவது திருத்திவிடப் போகிறார்கள், கவனம்.
– புலவர் இரா.

ஐயா, மன்னிக்க வேண்டும். சறுக்கு என்பது இங்கே பெயர்ச்சொல், சறுக்குக்கான கம்பி. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும். சறுக்குக்கம்பிதான் சரி.
– ந.

இலக்கணம் இருக்கட்டும். பாதுகாப்புக் குறிப்பில் சறுக்கு என்று எழுதினால் என் அம்மா படித்ததுமே 'ஆனைக்கும் அடி சறுக்கும்' என்று சொல்லிப் பேத்தியை அறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். நல்லதாக ஒரு சொல் பாருங்கள்.
– கோவை மீ.

இயற்பியல்படியும் தவறு. அங்கே யாரும் சறுக்கவில்லை, கப்பி உருண்டு ஓடுகிறது. எங்கள் ஊர்க் கிணற்றில் மரக்கப்பிக்கு விளக்கெண்ணெய் விட்டால் வாளி சத்தமில்லாமல் இறங்கும், விடாவிட்டால் தெருக்கோடி வரை கீச்சென்று கேட்கும், அந்தக் கப்பிதான் இது, எஃகில் செய்து தாங்கிகள் (பேரிங்) வைத்தது. கப்பியோட்டம் என்கிறேன். நேபாளத்தில் இது விளையாட்டாக வந்ததும் இல்லை. பாலமில்லாத ஊர்களில் ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, தொங்கும் பெட்டியில் உட்கார்ந்து கையால் இழுத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உண்டு. துயின் என்பார்கள். விரல் போனவர்களும் ஆற்றில் விழுந்தவர்களும் உண்டு என்பதால் அரசே அவற்றை எடுத்துவிட்டுத் தொங்குபாலம் கட்டத் தொடங்கியது.
– பொறியாளர் க.

துயின்! பார்த்தீர்களா, இது நம் தூங்கு அல்லாமல் வேறென்ன? பழந்தமிழில் தூங்குதல் என்றால் தொங்குதல். தூங்கெயில் எறிந்த செம்பியன் யார்? தொங்கும் கோட்டையை அழித்த சோழன். தூக்கணாங்குருவிக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது? கூடு தொங்குவதால். ஆகவே என் முந்தைய சொல்லைத் திரும்பப் பெற்று 'தூங்குவடம்' என்று முன்மொழிகிறேன்.
– புலவர் இரா.

மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் தூங்கச் சொல்கிறீர்களா ஐயா? ஒலி ஒத்துப்போவதை வைத்து நேபாளிச் சொல்லைத் தமிழாக்குவது நியாயமும் இல்லை. பழனியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பத்திரிகைகள் 'கம்பிவட ஊர்தி' என்று எழுதிப் பார்த்தன, சனங்கள் இன்றைக்கும் ரோப்கார், விஞ்ச் என்றுதான் சொல்கிறார்கள். டிக்கெட் கொடுக்கிற இடத்தில் கேட்டால் புரிய வேண்டாமா? ஜிப்லைன் என்றே விட்டுவிடுங்கள்.
– கோவை மீ.

அப்படியே விட்டால் இந்தக் குழு எதற்கு? சரி, மற்ற இரண்டையாவது முடிப்போம். ஹார்னஸுக்குச் சேணம் என்று அகராதியில் பார்த்தேன். குதிரைக்குக் கட்டுவதை மனுசனுக்குக் கட்ட வேண்டாம். தோளிலும் தொடையிலும் வார் வருவதால் 'தாங்குவார்' போதும். காரபினருக்குப் பூட்டுக்கொக்கி.
– ந.

பூட்டுக்கொக்கி அருமை. தாங்குவாரில் ஒரு வம்பு இருக்கிறது, 'உங்களைத் தாங்குவார்' என்று வாக்கியத்தில் வந்தால் யார் அவர் என்று கேட்பார்கள். இடுப்புவார் என்று எழுதிவிடலாம். நான் போன வருசம் அங்கே போனேன். சொல் கிடைக்கிறதோ இல்லையோ, இதையும் குறிப்பில் சேருங்கள்: புடவை, வேட்டி, துப்பட்டா கூடாது. செருப்பு பாதிவழியில் பள்ளத்தாக்குக்குப் போய்விடும், கயிறு கட்டிய ஷூ வேண்டும். நீளமான முடியைப் பின்னிச் சட்டைக்குள் விடச் சொன்னார்கள். எடை பார்ப்பார்கள், கூச்சப்பட வேண்டாம். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குள் மேகம் ஏறிவிட்டால் மச்சபுச்சாரே சிகரம் தெரியாது. வண்டியில் ஏறுமுன் வயிறுமுட்டச் சாப்பிடாதீர்கள், மேலே போகிற பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவு.
– திருச்சி ச.

மச்சம் மீன், புச்சம் வால். மலையின் 6,993 மீட்டர் உச்சி மீன்வால் போலப் பிளந்திருப்பதால் வந்த பெயர். நம் ஆட்களுக்காகக் 'கயல்வால் மலை' என்று எழுதலாமே?
– புலவர் இரா.

ஐயா, வேண்டாம்.
– நாலு பேர் சார்பாக, ந.

வெள்ளி காலை. இனி தாங்காது. ஆறு பேர் சறுக்குகம்பி, இரண்டு பேர் ஜிப்லைன், ஒருவர் கப்பியோட்டம். முதல் முறை வரும்போது 'ஜிப்லைன் எனும் சறுக்குகம்பி' என்று எழுதிவிட்டு, பிறகு சறுக்குகம்பி என்றே கொண்டுபோகிறேன். இடுப்புவார், பூட்டுக்கொக்கி இரண்டிலும் சண்டை இல்லை. எல்லோருக்கும் நன்றி.
– வி.

உருள்வதைச் சறுக்கு என்று அச்சடிப்பதற்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன்.
– பொறியாளர் க.

அச்சான தாள் வந்துவிட்டது, படம் இணைத்திருக்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் எல்லா இடத்திலும் 'சறுக்குக்கம்பி' என்று திருத்திவிட்டார். புலவர் ஐயா பார்க்க வேண்டாம்.
– வி.

பார்த்துவிட்டேன்.
– புலவர் இரா.