1917 கடற்படை அடையாளத் தகடு: தேய்ந்த பெயரைப் படிக்க உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. முதல் உலகப் போர்க்கால அமெரிக்கக் கடற்படை அடையாளத் தகடு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. 1917-இல் வந்த வகை. முட்டை வடிவம், மோனல் (நிக்கலும் செம்பும் கலந்த) உலோகம். பின்பக்கத்தில் மாலுமியின் வலது ஆள்காட்டி விரல் ரேகையை அமிலத்தால் பொறித்திருப்பார்கள். அந்த ரேகை இன்னும் தெளிவாக இருக்கிறது. தடவிப் பார்த்தாலே மனம் கனக்கிறது.

முன்பக்கம்தான் சிக்கல். பெயரில் மூன்று எழுத்துதான் தெரிகிறது. ரசாயனம் எதுவும் போட மாட்டேன். சாய்வான வெளிச்சத்தில் படம் எடுத்து இப்படித் தேய்ந்த எழுத்தைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விளக்கை எங்கே வைத்தீர்கள்?

அப்புறம், அமெரிக்கப் படைவீரர்களின் பணிக்கோப்புகள் இருக்கும் செயின்ட் லூயிஸ் காப்பகத்தில் 1973 தீயில் எரிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள்தான். கடற்படைக் கோப்புகள் தப்பின. அங்கே அரைகுறைப் பெயரை வைத்துத் தேட வழி உண்டா? குடும்பம் கிடைத்தால் தகட்டை அவர்களிடமே கொடுத்துவிடுவேன்.