எந்த எபிசோடுலேர்ந்து கேக்கறது?

குழு: சக்கரக் குடும்பம் 🚲

சனி, காலை 6:52

நிலா: எல்லாருக்கும் ஒரு கேள்வி. 100 கிமீ ரைடுக்குப் பேர் குடுத்துட்டேன். இன்னும் 8 வாரம் இருக்கு. சேகர் சித்தப்பா சொல்லிட்டே இருப்பாரே, அந்த சைக்கிள் போட்காஸ்ட், அதைத் திறந்தேன். 500க்கு மேல கிடக்கு. எந்த எபிசோடுலேர்ந்து கேக்கறது?

பிரபு அண்ணா: போச்சு

திவ்யா: எங்கப்பா டைப் பண்றார்

திவ்யா: இன்னும் பண்றார் 😂

அப்பா: குட் மார்னிங் 🌹🌹

சேகர் சித்தப்பா: நல்ல கேள்வி நிலா. பொறுமையா சொல்றேன். நான் 2016லேர்ந்து கேக்கறேன். அப்போ ரெண்டே பேர். மைக் கூட சுமார்தான், நடுவுல நாய் குரைக்கும். ஒருத்தர் கரகரக் குரல், அவர்தான் கோச். இன்னொருத்தர் எதுக்கெடுத்தாலும் சிரிப்பார். 40 நிமிஷம். மூணு கேள்வி, மூணு பதில், வணக்கம், முடிஞ்சது. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுவார் கரகர. முதல் 60 எபிசோடை வரிசையா கேளு. அஸ்திவாரம் அதுலதான் இருக்கு. 2020 வரைக்கும் பொறுக்கி எடுத்துக் கேக்கலாம். அதுக்கப்புறம் வந்ததுல பாதி வியாபாரம், பாதி அரட்டை.

நிலா: 60 எபிசோடா! 40 மணி நேரம் சித்தப்பா. நான் வாரத்துக்கு ஓட்டறதே 5 மணி நேரம்

மீனா அத்தை: அதைக் கேக்கற நேரத்துக்கு ஓட்டிட்டே வந்துடலாம்

சேகர் சித்தப்பா: ஓட்டிக்கிட்டே கேளு. நான் அப்படித்தான்.

மீனா அத்தை: ரோட்டுல காதுல மாட்டிக்கிட்டா ஓட்டற??

சேகர் சித்தப்பா: ஒரு காதுலதான்க்கா

மீனா அத்தை: பின்னாடி லாரிக்காரன் இன்னொரு காதுலயே ஹாரன் அடிப்பானா

பிரபு அண்ணா: 🤣🤣

நிலா: நான் வீட்லயே கேக்கறேன் அத்தை. சித்தப்பா, அதுக்கப்புறம் ஏன் கெட்டுப்போச்சு?

திவ்யா: ஐயோ ஏன் கேட்ட

சேகர் சித்தப்பா: ஒரே நாள்ல கெடல. முதல்ல அவங்களே ஒரு ஆப் போட்டாங்க. சரி, அவங்களும் பிழைக்கணும். ஆனா எந்தக் கேள்வி வந்தாலும் கடைசி பதில் ஆப்லதான் போய் நிக்கும். முழங்கால் வலியா, ஆப். தூக்கம் வரலையா, ஆப். அப்புறம் 2020. எல்லாரும் வீட்டுக்குள்ள சைக்கிளை ட்ரெய்னர் ஸ்டாண்டுல மாட்டி நின்ன இடத்துலயே மிதிச்சோம். அந்த வருஷம் ஜூலைல டூர் டி ஃபிரான்ஸே ஸ்விஃப்ட்ங்கற சைக்கிள் ஆப்ல திரையில நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? கேக்கற ஜனம் எக்கச்சக்கமாச்சு. ரெண்டு பேர் நாலு பேரானாங்க. 40 நிமிஷம் ரெண்டு மணி நேரமாச்சு, அதுல முதல் 20 நிமிஷம் அவங்க வார இறுதி எப்படிப் போச்சுன்னு. அப்புறம் வீடியோ. "இங்க பாருங்க"ன்னு கிராஃப் காட்டறாங்க. நான் சைக்கிள்ல இருக்கேன், எங்க பாக்கறது? கடைசில ஒரு நாள் கரகர வரல. அடுத்த வாரமும் வரல. போறேன்னு ஒரு வார்த்தை இல்ல. அவங்களும் சொல்லல. 7 வருஷம் காதுக்குள்ள இருந்த ஆளு.

மீனா அத்தை: நீ மட்டும் சொல்லிட்டா எல்லா இடத்துலேர்ந்தும் போற

அப்பா: மீனா

மீனா அத்தை: சும்மா சொன்னேன்ப்பா

பிரபு அண்ணா: சித்தப்பா, ட்ரெய்னர்னு நீங்களே பேச்செடுத்துட்டீங்க, அதனால நான் எதுவும் சொல்லல

சேகர் சித்தப்பா: 2020ல ரெண்டு வாரத்துக்குன்னு வாங்கிட்டுப் போன ட்ரெய்னர். அது மேல துணி காயுதுன்னு கேள்வி.

பிரபு அண்ணா: ஒரே ஒரு துண்டு

பிரபு அண்ணா: நிலா, நான் வேற மாதிரி சொல்றேன். பழசை விடு. கடைசி ரெண்டு வருஷம் மட்டும் கேளு. பழசுல கரகர சொன்னதுல பாதி அவர் ஓட்டின காலத்து வழக்கம். உதாரணம்: 23 மிமீ டயரைக் கல்லு மாதிரி அடைச்சாதான் வேகம்னு சொல்வார். இப்போ பந்தயக்காரங்களே 28, 30ன்னு காத்தைக் குறைச்சு ஓட்டறாங்க. மேடுபள்ள ரோட்டுல டயர் அமுங்கிக் குடுக்கறதுதான் வேகம்

பிரபு அண்ணா: ரேஸ்ல மணிக்கு 60 கிராம் கார்ப், அதான் மாவுச்சத்து சர்க்கரை, போதும்னு முதல் வருஷம். அப்புறம் 90. இப்போ 120 பேசறாங்க

நிலா: எதுக்கு ஏறிக்கிட்டே போகுது?

பிரபு அண்ணா: குளுக்கோஸ் மட்டும்னா குடல் மணிக்கு ஒரு 60 கிராம்தான் உள்ள விடும். ஃப்ரக்டோஸுக்கு வேற வாசல். ரெண்டையும் கலந்தா கூடுதலா போகும். அதுக்காக நீ முதல் நாளே 120க்குப் போகாத, வயிறு கலக்கிடும். 40லேர்ந்து ஆரம்பி. வயித்தையும் பழக்கணும், காலை மட்டும் இல்ல

நிலா: ஓகே இது புரியுது 👍

திவ்யா: அப்பா, 231 பத்தி சொல்லுங்க

சேகர் சித்தப்பா: வேணாம்

நிலா: அது என்ன 231?

திவ்யா: அப்பாவோட டி ஷர்ட்

பிரபு அண்ணா: லாக்டவுன்ல போட்காஸ்ட்ல எல்லாரும் ராம்ப் டெஸ்ட் ராம்ப் டெஸ்ட்னு. நிமிஷத்துக்கு நிமிஷம் சுமையைக் கூட்டிட்டே போவாங்க, தாக்குப்பிடிச்ச கடைசி நிமிஷத்துல 75 சதவீதம்தான் எஃப்டிபி, அதாவது சுமாரா ஒரு மணி நேரம் விடாம மிதிக்கக்கூடிய சக்தி. சித்தப்பா கடைசி நிமிஷம் 308 மிதிச்சார். 231 வாட்ஸ்!! டி ஷர்ட் அடிச்சாச்சு

திவ்யா: அப்புறம் கரகர வந்து, குறுகிய நேரத்துல வெறியா மிதிக்கறவங்களுக்கு ராம்ப் கூட்டிக் காட்டும், 20 நிமிஷ டெஸ்ட்டும் பண்ணிப் பாருங்கன்னார்

பிரபு அண்ணா: 20 நிமிஷ சராசரி 223. அதுல 95 சதவீதம். 212 😌

சேகர் சித்தப்பா: அன்னிக்குத் தூக்கம் இல்ல.

அப்பா: அந்த டி ஷர்ட் நல்ல துணி. எனக்கு ஒண்ணு குடுத்தான், இன்னும் போடறேன்

நிலா: என்கிட்ட பவர் மீட்டர் எல்லாம் இல்ல. இதயத் துடிப்பு பெல்ட்தான். அதிகபட்சத் துடிப்புக்கு 220லேர்ந்து வயசைக் கழிக்கணும்னு ஒரு எபிசோடுல இருந்துச்சு. எனக்கு 24, அப்போ 196?

சேகர் சித்தப்பா: அது பழைய கணக்கு. 208லேர்ந்து வயசுல 0.7 பங்கைக் கழிக்கணும். உனக்கு 191. இதுவும் சராசரிதான், ஆளுக்கு ஆள் 10 துடிப்பு மேல கீழ இருக்கும். எண்ணை விடு. ஜோன் 2ங்கற லேசான ஓட்டம்னா முழு வாக்கியம் மூச்சு வாங்காம பேச வரணும், பாட வரக் கூடாது. இதைக் கரகர 8ஆவது எபிசோடுலயே சொல்லிட்டார். இப்போ அதையே புதுசா கண்டுபிடிச்ச மாதிரி ரெண்டு வருஷம் ஓட்டினாங்க. டூர் டி ஃபிரான்ஸ்ல போகாச்சார் ஜெயிச்சார், அவரோட அப்போதைய கோச் சான் மில்லான் ஜோன் 2 பத்திப் பேசினார், அவ்வளவுதான், எங்க திரும்பினாலும் ஜோன் 2. அந்தப் பையன் வாரத்துக்கு 25 மணி நேரம் ஓட்டறவன். 5 மணி நேரம் ஓட்டறவ நிலா. அவனுக்கு 80 பங்கு லேசா, 20 பங்கு கடுமையான்னா இவளுக்கும் அதே 80-20ஆ? இந்த 80-20ஐ ஆராய்ச்சி பண்ணின சைலர் எண்ணினது எத்தனை தடவை ஓட்டினாங்கன்னு. மணிக்கணக்கு இல்ல. இதைக் கூட இப்போ இருக்கறவங்க சரியா சொல்ல மாட்டேங்கறாங்க.

பிரபு அண்ணா: அதை சைலரையே கூப்பிட்டுக் கேக்கலாம்ல, அதுதான் புது பாணி. ஆராய்ச்சி பண்ணவங்களையே உக்கார வெச்சுக் கேக்கறாங்க. கரகர வயித்துலேர்ந்து பேசுவார்

மீனா அத்தை: நான் ஒண்ணு கேக்கறேன். சேகர் சொல்ற அந்த 60 எபிசோடுல ஒரு பொம்பளைக் குரல் உண்டா?

சேகர் சித்தப்பா: கேள்விகள்ல வந்திருக்கு

மீனா அத்தை: எடை குறைங்க, ஏத்தத்துல வேகம் தானா வரும்னு அவங்க பேசிட்டே இருந்தப்போ எனக்கு ஆறு மாசம் மாதவிடாய் நின்னுச்சு. வயசுன்னு நெனச்சேன். 39 வயசுல என்ன வயசு. ஓட்டற அளவுக்குச் சாப்பிடாததுதான்னு டாக்டர் சொன்னா. அதுக்கு ஒரு பேரே இருக்கு, 2014லயே ஒலிம்பிக் கமிட்டி அறிக்கை விட்டிருக்கு, ரெட்-எஸ். எலும்பு தேயும். உங்க கரகர அதைப் பத்தி மூச்சு விடல. அந்த நாலு பேர்ல ஒருத்தியா ஒரு பொண்ணு வந்தப்புறம்தான் அந்த வார்த்தையே காதுல விழுந்துச்சு. அரட்டையாம்.

திவ்யா: ❤️

நிலா: அத்தை எனக்கு இது தெரியவே தெரியாது

மீனா அத்தை: நீ சாப்பிட்டுட்டு ஓட்டு. அவ்வளவுதான் என் எபிசோடு.

காலை 8:10

பெரியப்பா: 🎤 குரல் செய்தி (3:12)

பிரபு அண்ணா: அப்பா டைப் பண்ணுங்க, ஆபீஸ்ல இருக்கேன்

திவ்யா: சனிக்கிழமையா

பெரியப்பா: முதல் 60 எபிசோடா. நல்லா கேளும்மா. என் காலர் எலும்புல ஒரு பிளேட் இருக்கு. அதுவும் எபிசோடு 22.

சேகர் சித்தப்பா: 31 அண்ணே

பெரியப்பா: என்ன

சேகர் சித்தப்பா: வெறும் வயித்துல ஓட்டறது எபிசோடு 31. 22 செயின் பத்தி.

அப்பா: சேகர் சும்மா இரு

நிலா: பெரியப்பா விழுந்தது அதனாலயா? எனக்கு நாய் குறுக்க வந்துச்சுன்னு சொன்னாங்க

பெரியப்பா: நாயும் இல்ல நரியும் இல்ல. 2017. வெறும் வயித்துல மூணு மணி நேரம் ஓட்டினா கொழுப்பு கரையும், என்ஜின் மாறும்னு உன் சித்தப்பா எபிசோடு அனுப்பினான். எனக்கு 55. கண்ணு இருட்டிடுச்சு. அப்புறம் ஆஸ்பத்திரி

பிரபு அண்ணா: ஆனா அதை அவங்களே 2021ல திருத்திட்டாங்களே. ஒரு முழு எபிசோடு. சித்தப்பா கேக்கலையா நீங்க?

சேகர் சித்தப்பா: கேட்டேன்

பெரியப்பா: என்ன திருத்தினாங்க

பிரபு அண்ணா: வெறும் வயித்துல ஓட்டினா அந்த நேரத்துக்குக் கொழுப்பு கூடுதலா எரியும், அது நிஜம். ஆனா அதனால வேகமா ஓட்ட முடியும்னு உறுதியா சொல்ல ஆதாரம் போதலைன்னாங்க. நீளமான ரைடை, கடுமையான ரைடை அப்படிப் பண்ணாதீங்க, நாங்க சொன்னது தப்புன்னாங்க. கரகரதான் பேசினார். சுத்தி வளைக்கல

பெரியப்பா: சேகரு நீ எப்ப கேட்ட

சேகர் சித்தப்பா: வந்த அன்னிக்கு

பெரியப்பா: எனக்கு அனுப்பலையே

சேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர் சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேகர் சித்தப்பா: அப்போ நாம பேசிக்கல அண்ணே

திவ்யா: அப்பா அதை நாலு தடவை கேட்டார் பெரியப்பா. எனக்குத் தெரியும்

அப்பா: ரைடு அன்னிக்கு நிலா கூட யார் யார் வர்றீங்க, பேர் சொல்லுங்க

மீனா அத்தை: நான் 50 வரைக்கும்

பிரபு அண்ணா: நான் பாக்கறேன்

அப்பா: பாக்கறேன்னா வருவியா மாட்டியா

பிரபு அண்ணா: 👀

நிலா: சரி, நான் எங்கேர்ந்துதான் ஆரம்பிக்கறது?? வாரா வாரம் நீள ரைடைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி 80 வரைக்கும் போய், கடைசி வாரம் குறைச்சுக்கலாம்னு இருக்கேன். சரியா?

சேகர் சித்தப்பா: சரி. மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வாரம் லேசா விடு. எபிசோடு 14.

பிரபு அண்ணா: புதுசுல 480களில் ஒண்ணு இருக்கு, 100 கிமீக்குன்னே. அதை மட்டும் கேளு

மீனா அத்தை: ரெண்டையும் கேக்காத

காலை 9:31

பெரியப்பா: அந்தத் தப்புன்னு சொன்ன எபிசோடை அனுப்பு

சேகர் சித்தப்பா: 🔗 இணைப்பு

பெரியப்பா: திறக்கலை

பிரபு அண்ணா: பழசெல்லாம் சந்தா கட்டினாதான் வருது இப்போ. நிலா, உன் லிஸ்டுல எதுவரைக்கும் இருக்கு?

நிலா: 200லேர்ந்துதான் ஓடுது! அப்போ முதல் 60?

சேகர் சித்தப்பா: என்கிட்ட இருக்கு. 2024ல கூகுள் போட்காஸ்ட்ஸை மூடினப்போ பயந்துபோய் எல்லாத்தையும் பழைய போன்ல இறக்கி வெச்சேன். 2021தும் அதுலதான். ஆனா போன் ஆன் ஆகல. சார்ஜர் பிரபுகிட்ட.

பிரபு அண்ணா: என்கிட்டயா

சேகர் சித்தப்பா: ட்ரெய்னரோட பையில சேத்துதான் குடுத்தேன்

பிரபு அண்ணா: நாளைக்குத் தேடிப் பாக்கறேன்

பெரியப்பா: இன்னிக்குத் தேடு

பெரியப்பா: சேகரு நாளைக்கு வீட்ல இருப்பியா

சேகர் சித்தப்பா: இருப்பேன் அண்ணே. காலைல ரைடு போயிட்டு 9 மணிக்கு வந்துடுவேன்

பெரியப்பா: சாப்பிட்டுட்டுப் போ

காலை 10:04

பிரபு அண்ணா: 📷 படம்

பிரபு அண்ணா: டப்பால 11 சார்ஜர் இருக்கு. இதுல எது? முனை தட்டையா உருண்டையா?