பாப்பாவின் கவுன்சிலிங்

குழு: நம்ம குடும்பம் 🌿

வெள்ளிக்கிழமை, மாலை

அப்பா: எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவைப் பொறியியல் கவுன்சிலிங்குக்கு முதல் சுற்றிலேயே கூப்பிட்டுவிட்டார்கள். ஞாயிறு மாலை 5 மணிக்குள் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரிகளை வரிசையாக ஆன்லைனில் பதிவதை, முடிக்க வேண்டும். கட்-ஆஃப் 184.5.

பெரியப்பா: ரொம்ப சந்தோஷம். பாப்பா, எந்தச் செலவுக்கும் யோசிக்காதே. நாங்கள் இருக்கிறோம்.

பெரியம்மா: கணக்கில் 95, பிசிக்ஸ் 88, கெமிஸ்ட்ரி 91 என்று அன்றைக்குச் சொன்னீர்கள். கூட்டினால் 274 வருகிறதே? 184.5 எப்படி?

அத்தை: கணிதம் முழுசாக நூற்றுக்கு. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. 95, 44, 45.5. மொத்தம் 200க்கு.

பெரியம்மா: சரி சரி, புரிந்தது.

அப்பா: அக்கா, ஒரு விஷயம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் இருந்து காலையில் இருந்து நான்கு தடவை போன் வந்துவிட்டது. இன்றைக்கே 25,000 ரூபாய் கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் உறுதியாம். கவுன்சிலிங்கில் அது கிடைக்கவே கிடைக்காது என்கிறார்கள். பாப்பாவின் மார்க், பிறந்த தேதி, என் நம்பர் எல்லாம் சரியாகச் சொல்கிறார்கள். கட்டிவிடலாமா?

அத்தை: கட்டாதே.

அத்தை: பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வருடமும் இதைத்தான் பார்க்கிறேன். ரிசல்ட் வந்த மறுநாளே எல்லா வீட்டுக்கும் போன் போகும். “இன்றைக்கே” என்று அவசரப்படுத்துவார்கள். நீ யோசிக்கக்கூடாது என்பதற்காகத்தான் அது.

அண்ணன்: சித்தப்பா, அவர்கள் கேட்பது மேனேஜ்மெண்ட் கோட்டா, கல்லூரியே நேரடியாக நிரப்பும் இடம். சிறுபான்மைக் கல்லூரி அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 சதவீத இடங்களை அரசு கவுன்சிலிங்குக்குக் கொடுக்க வேண்டும். சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். அதனால் அதே கல்லூரி, அதே கோர்ஸ் கவுன்சிலிங்கிலும் வரும், அரசு நிர்ணயித்த கட்டணத்தில். பாப்பாவின் ரேங்க்குக்கு அது கிடைக்குமா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசலாம்.

அப்பா: கட்டிவிட்டு, கவுன்சிலிங்கில் நல்லது கிடைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்களே.

அத்தை: வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஏஐசிடிஇ (அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி இருக்கிறது. விதி இருந்தாலும் கேட்டு வாங்க அலைய வேண்டியது நீதான். மார்க் ஷீட்டையும் டிசியையும் மட்டும் சேரும் நாள் வரை யார் கையிலும் கொடுத்துவிடாதே. அது உள்ளே மாட்டிக்கொண்டால் நல்ல இடம் கிடைத்தும் போய்ச் சேர முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

அப்பா: சரி அக்கா. கட்டவில்லை.

அம்மா: மதினி, நீங்கள் சொன்ன பிறகுதான் நிம்மதி. இவர் ஏடிஎம் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை, இரவு

பாப்பா: அத்தை, பிரவுசிங் சென்டர் அண்ணன் ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார். 12 கல்லூரி. “உன் மார்க்குக்கு இதுதான் கிடைக்கும், மற்றதைப் போட்டால் வீண்” என்று சொன்னார். நான் ஆசைப்பட்ட எதுவும் அதில் இல்லை.

அத்தை: பாஸ்வேர்டு அவரிடம் கொடுத்தாயா?

பாப்பா: கொடுத்தேன். விண்ணப்பம் போடும்போதே அவர்தான் உருவாக்கினார்.

அத்தை: இப்போதே மாற்று. ஓடிபி எந்த நம்பருக்கு வருகிறது என்றும் பார். உங்கள் அப்பா நம்பராகத்தான் இருக்க வேண்டும். யாரையும் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பட்டியல் உன்னுடையது, அதை நீ மட்டும்தான் தொட வேண்டும்.

பாப்பா: மாற்றிவிட்டேன். நம்பர் அப்பாவுடையதுதான்.

அத்தை: நல்லது. இப்போது சொல். மார்க், ரேங்க் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, உனக்கு எங்கே என்ன படிக்க ஆசை?

பாப்பா: இசிஇ, எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரி கிடைத்தால் கிண்டி. இல்லாவிட்டால் மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரி. இல்லையென்றால் ஏதாவது ஓர் அரசு கல்லூரி. ஆனால் கிண்டியெல்லாம் 184.5க்கு வராது அத்தை. அதை முதலில் போட்டால் ஒரு சாய்ஸ் வீணாகிவிடும், கீழே இருப்பதும் போய்விடும் என்று தோழி சொன்னாள்.

அத்தை: இந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் கையில் இருக்கும் இடத்தையே விட்டுவிடுகிறார்கள். மெதுவாகப் படி.

அத்தை: முதல் ரேங்க்கில் இருந்து ஒவ்வொரு மாணவராகப் பார்த்துக்கொண்டு வருவார்கள். உன் முறை வரும்போது உன் பட்டியலின் முதல் வரி. அதில் இடம் இருந்தால் உனக்கு. பொதுப்பிரிவில் இல்லை என்றால் உன் பிசி பிரிவில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இரண்டிலும் இல்லையா, இரண்டாவது வரி. அப்புறம் மூன்றாவது. உன் பட்டியலில் ஏதாவது ஒன்று கிடைக்கும் வரை, அல்லது பட்டியல் தீரும் வரை, உனக்கு அடுத்த ரேங்க்காரரை யாரும் தொட மாட்டார்கள்.

அத்தை: அதனால் முதல் வரியில் கிண்டி போட்டதற்காக ஐந்தாவது வரியில் உனக்கு இருக்கும் இடம் எங்கும் போகாது. நூறு கல்லூரி போட்டாலும் நூற்றைம்பது போட்டாலும் காசு கிடையாது. எண்ணிக்கைக்கு வரம்பும் கிடையாது.

அண்ணன்: ஆபத்து அதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது பாப்பா. உனக்குப் பிடிக்காத ஒன்றை, “இது கண்டிப்பாகக் கிடைக்கும்” என்று மேலே போட்டுவிட்டால் அதைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடுவார்கள். அதற்குக் கீழே எத்தனை நல்ல கல்லூரி இருந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பாப்பா: அப்படியென்றால் ஆசை வரிசையிலேயே போடலாமா?

அத்தை: ஆசை வரிசையில்தான் போட வேண்டும். கிடைக்குமா கிடைக்காதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. எது எதைவிட வேண்டும் என்று சொல்வது மட்டும்தான் உன் வேலை.

பெரியப்பா: இத்தனை வருடமாக எனக்கே இது தெரியாது. என் மகனுக்கு நேரில் போய் உட்கார்ந்து சீட் எடுத்தோம். திரையில் காலி இடம் ஓடும், பார்த்துச் சொல்வோம்.

அண்ணன்: 2018இல் ஆன்லைன் ஆகிவிட்டது அப்பா. இப்போது காலி இடம் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சனிக்கிழமை

அம்மா: மதினி, எனக்கு ஒரு கவலை. எல்லோரும் கம்ப்யூட்டர்தான் எடுக்கிறார்கள். இவள் மட்டும் இசிஇ என்கிறாள். வேலை கிடைக்குமா?

அத்தை: எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களை மென்பொருள் நிறுவனங்களும் எடுக்கிறார்கள், சிப், தொலைத்தொடர்பு நிறுவனங்களும் எடுக்கிறார்கள். கோர்ஸ் பெயரைவிட அங்கே நான்கு வருடம் உட்கார்ந்து படிக்க அவளுக்கு மனசு இருக்கிறதா என்பது முக்கியம். பிடிக்காத பாடத்தில் அரியர் வைத்துக்கொண்டு மூன்றாம் வருடம் என்னிடம் வந்து அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அம்மா: சரி மதினி. அவள் இஷ்டம்.

பாப்பா: அத்தை, போன வருட கட்-ஆஃப் பார்த்தேன். ஒரு கல்லூரியில் 183 வரை கொடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் எனக்குக் கிடைத்துவிடும்தானே?

அத்தை: மார்க்கைப் பார்க்காதே, ரேங்க்கைப் பார். ஒரு வருடம் கணக்குத் தாள் எளிதாக இருந்தால் நிறைய பேர் நூறு வாங்குவார்கள். அப்போது அதே 184.5க்கு ரேங்க் கீழே போய்விடும். போன வருடம் அந்தக் கல்லூரியில் கடைசி இடம் எந்த ரேங்க்குக்குப் போனது, உன் பிரிவில் எந்த ரேங்க்குக்குப் போனது என்று பார். அதுவும் பட்டியலை எவ்வளவு தூரம் நீட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். வரிசையை மாற்றுவதற்கு இல்லை.

அண்ணன்: இன்னொன்று. தியாகராஜர் மாதிரி அரசு உதவி பெறும் கல்லூரிகளில் ஒரே கல்லூரிக்குள் சில பிரிவுகள் உதவி பெறுபவை, சில சுயநிதி. எஸ்எஸ் என்று பக்கத்தில் போட்டிருக்கும். கட்டணம் வேறு. இரண்டையும் தனித்தனி வரியாகப் பார்த்துப் போடு. கல்லூரிக் குறியீட்டையும் ஒருமுறை சரிபார். ஒரே மாதிரிப் பெயரில் நிறைய கல்லூரிகள் இருக்கின்றன. பெயரைப் பார்த்துப் போட்டால் மாறிவிடும்.

பாப்பா: கிண்டி 1. தியாகராஜர் 5008. சரியா?

அண்ணன்: சரி.

சித்தி: நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் பையனுக்கு இரண்டாவது சுற்றில்தான் வரும். அவன் ஆறாம் வகுப்பில் இருந்து அரசுப் பள்ளிதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் அவனுக்கு என்ன கிடைக்கும்?

அத்தை: அவனுக்கு இரண்டு ரேங்க் வந்திருக்கும். பொதுவில் ஒன்று, 7.5இல் ஒன்று. 7.5இல் சீட் எடுத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டிவிடும். தனியார் கல்லூரியாக இருந்தாலும் அப்படித்தான். அதனால் “நமக்கு வசதி இல்லை” என்று எந்தக் கல்லூரியையும் அவன் பட்டியலில் இருந்து எடுத்துவிடாதீர்கள். இதை அவனிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

சித்தி மகன்: அத்தை, நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விடுதிக்குமா? விடுதிக் கட்டணத்தை நினைத்து நான் அருப்புக்கோட்டையைச் சுற்றியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை: விடுதிக்கும்தான். கோயம்புத்தூர் ஜிசிடி, சேலம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகள் எல்லாவற்றையும் போடு. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும், அதற்கும் விண்ணப்பி.

சித்தி: மதினி, இது தெரியாமல் நகையை வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அத்தை: நகை பத்திரமாக இருக்கட்டும். ஆறில் இருந்து பன்னிரண்டு வரை படித்த சான்று மட்டும் கையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

பாப்பா: பட்டியல் முடிந்தது. 64 வரி. முதல் சில வரிகள் மட்டும் அனுப்புகிறேன். கிண்டி இசிஇ, குரோம்பேட்டை எம்ஐடி இசிஇ, கோவை ஜிசிடி இசிஇ, தியாகராஜர் இசிஇ, தியாகராஜர் இஇஇ (எலக்ட்ரிக்கல்), திருநெல்வேலி அரசு கல்லூரி இசிஇ, காரைக்குடி அழகப்பா அரசு கல்லூரி இசிஇ, திருநெல்வேலி இஇஇ.

பெரியம்மா: காரைக்குடிக்கு மேலே திருநெல்வேலியா? காரைக்குடியில் நம் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே.

பாப்பா: இரண்டுமே எனக்குச் சம்மதம்தான் பெரியம்மா. திருநெல்வேலிக்கு ரயில் நிறைய இருக்கிறது, வாரக் கடைசியில் வந்துவிடலாம் என்று மேலே போட்டேன்.

அத்தை: அவளுக்குக் காரணம் இருக்கிறது, அது போதும். பாப்பா, ஒவ்வொரு இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு கேள்வி கேள்: “இந்த இரண்டும் நாளைக்கே கிடைத்தால் எதற்குப் போவேன்?” பதில் மேலே இருப்பதாக இருக்க வேண்டும். கடைசி வரி வரை இப்படி இறங்கு. கிடைத்தாலும் சேர மாட்டேன் என்று தோன்றும் வரிகளை எடுத்துவிடு.

பாப்பா: 64இல் ஒன்பது வரியை எடுத்துவிட்டேன். பிரவுசிங் சென்டர் லிஸ்ட்டில் இருந்து வந்தவை.

அண்ணன்: கடைசி நிமிடம் வரை காத்திருக்காதே. நான்கு மணிக்குள் சேவ் செய்துவிட்டு பிடிஎஃப் எடுத்துக் குழுவில் போடு.

பாப்பா: போட்டுவிட்டேன் 📄

திங்கட்கிழமை

பாப்பா: அத்தைஈஈ! காரைக்குடி அழகப்பா அரசு பொறியியல் கல்லூரி, இசிஇ!! 🎉

பெரியப்பா: அடி சக்கை!

அம்மா: எனக்குக் கை நடுங்குகிறது. மதினி, நாளைக்கே போய்ச் சேர வேண்டுமா?

அத்தை: வாழ்த்துகள் கண்ணு. இது தற்காலிக ஒதுக்கீடுதான். நாளை மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இடம் போய்விடும். நாளைக்குள் என்ன தேர்வு செய்வது என்று பார்ப்போம்.

பாப்பா: ஏற்றுக்கொண்டு சேர்கிறேன், ஏற்றுக்கொண்டு அப்வேர்ட் போகிறேன், வேண்டாம் என்று அப்வேர்ட், வேண்டாம் என்று அடுத்த சுற்று, இப்படி நிறைய இருக்கிறது.

அத்தை: “வேண்டாம்” என்று தொடங்கும் எதையும் தொடாதே. கையில் இருக்கும் நல்ல இடத்தை விடுவதற்கு உனக்குக் காரணமே இல்லை. கேள்வி முதல் இரண்டுக்கும் நடுவில்தான். அப்வேர்ட் கொடுத்தால், மேலே இருக்கும் ஆறு வரிகளில் யாராவது விட்டுப் போய் இடம் காலியானால் உன்னைத் தானாகவே அங்கே மாற்றிவிடுவார்கள். மாறிய பிறகு காரைக்குடி வேண்டும் என்று கேட்க முடியாது.

அப்பா: அக்கா, அப்படியென்றால் ரிஸ்க் இல்லையா?

அத்தை: மேலே இருக்கும் ஆறும் அவள் மனதாரப் போட்ட வரிகள் என்றால் ரிஸ்க்கே இல்லை. மேலே எதுவும் காலியாகாவிட்டால் காரைக்குடி அப்படியே இருக்கும். பாப்பா, திருநெல்வேலிக்கு மாற்றினால் சந்தோஷமா, வருத்தமா?

பாப்பா: சந்தோஷம்தான். தியாகராஜருக்கு மாற்றினால் இன்னும் சந்தோஷம்.

அத்தை: தியாகராஜர் இஇஇ கிடைத்தால்?

பாப்பா: யோசிக்கிறேன்… சரிதான் அத்தை. வீட்டில் இருந்தே போய் வரலாம்.

அத்தை: அப்படியானால் ஏற்றுக்கொண்டு அப்வேர்ட் கொடு. தம்பி, அவள் கொடுத்ததும் நீ உதவி மையத்துக்குக் கூட்டிப் போய்க் கட்டணம் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கென்று கொடுத்திருக்கும் கடைசி நாளைத் தாண்டினால் உறுதி செய்ததும் வீணாகிவிடும். சாதிச் சான்றிதழ், மார்க் ஷீட், டிசி, ஒதுக்கீட்டுக் கடிதம் எல்லாம் ஒரே பையில் எடுத்துக்கொள். நகல் மூன்று செட்.

அப்பா: புதன்கிழமை காலையிலேயே போகிறோம் அக்கா. லீவு சொல்லிவிட்டேன்.

பாப்பா: கொடுத்துவிட்டேன். ஓடிபி வந்தது, உறுதியாகிவிட்டது. ஸ்கிரீன்ஷாட் 👇

அண்ணன்: அருமை. இனி எந்தக் கல்லூரியில் இருந்து போன் வந்தாலும் சித்தப்பாவே பேசிக்கொள்வார் 😊

சித்தி: மதினி, இன்று இரவு எட்டு மணிக்குப் பையனோடு வீடியோ காலில் வரட்டுமா? அவன் பேப்பரில் 40 கல்லூரி எழுதி வைத்திருக்கிறான்.

அத்தை: ஏழரைக்கே வாருங்கள். போன வருட 7.5 ரேங்க் விவரத்தை நான் எடுத்து வைக்கிறேன்.