ரெய்டு சூப்பர்பிளாக்: ‘உறுப்பேடு’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

பல வட்டுகளை ஓர் அணியாகச் சேர்த்து இயக்கும் முறை ரெய்டு. எந்த அணியைச் சேர்ந்தது என்று ஒவ்வொரு வட்டிலும் எழுதிவைக்கும் குறிப்பே ரெய்டு சூப்பர்பிளாக். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘வட்டு முகவரி’ என்கிறார் திருமங்கலத்து நண்பர். எனக்கு உடன்பாடில்லை. முகவரி இடத்தைச் சொல்வது. இதுவோ வட்டு இடம் மாறினாலும் கூடவே வருவது. மேலமாசி வீதி அச்சகம் ஒன்றில் தூசி தட்டியபோது இரண்டு வட்டுகளின் கேபிள்களும் மாறிவிட்டன. கணினி எஸ்டிஏ என்று பெயரிட்டிருந்த வட்டு எஸ்டிபி ஆயிற்று. லினக்ஸின் ரெய்டு மென்பொருளான எம்.டி. அதைச் சட்டை செய்யவில்லை. இரு வட்டுகளிலும் அணியின் 128 பிட் அடையாள எண் (யூயூஐடி) ஒன்றாக இருந்ததைப் படித்துச் சேர்த்துக்கொண்டது.

சூப்பர்பிளாக்கை அப்படியே பெயர்த்த ‘பெருந்தொகுதி’யில் வேறு சிக்கல். வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் கோப்பு முறைமைக்கும் சூப்பர்பிளாக் உண்டே! லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் அது 1024ஆம் பைட்டில் தொடங்குகிறது. ரெய்டின் 1.2 வடிவம் தன் குறிப்பைத் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி வைக்கிறது, 1.0 வடிவமோ கடைசியில் வைக்கிறது. அப்போது ஒரே வட்டின் தலையிலும் வாலிலும் ஆளுக்கொரு பெருந்தொகுதி. ஒரே தரவை இரு வட்டுகளில் பிரதியாக வைக்கும் அணியில், 1.0 வட்டைத் தனியே பார்த்தால் சாதாரண வட்டாகவே தெரியும். அறியாமல் அதை மட்டும் ஏற்றி எழுதினால் இரு பிரதிகளும் பிரிந்துவிடும். இந்த எச்சரிக்கையை ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

மேலூர் ஆசிரியை சொன்ன ‘முத்திரை’ அழகுதான். ஆனால் முத்திரை குத்தினால் குத்தியதுதான். இங்கே அணியில் நிகழும் மாற்றங்களை எண்ணும் நிகழ்வெண் ஏறிக்கொண்டே போகிறது. விலகியிருந்த வட்டு திரும்பும்போது அதன் எண் பின்தங்கியிருக்கும். அதை வைத்துத்தான் பழைய பிரதி எதுவென்று ரெய்டு கண்டுகொள்கிறது. கடைசி வரவு பதியாத பாஸ்புத்தகம் காட்டும் இருப்பை யார் நம்புவார்கள்?

ஆகவே, அணியின் உறுப்பான வட்டு தன்னுடன் வைத்திருக்கும் ஏடு என்ற பொருளில் ‘உறுப்பேடு’ என்று முன்மொழிகிறேன்.

—

ஐயா, வணக்கம். முத்திரையை விட்டுவிடுகிறேன். ஆனால் ‘உறுப்பேடு’ என்றால் உறுப்பினர் பட்டியல் என்றுதான் என் மாணவர்கள் படிப்பார்கள்.

—

அம்மா, அப்படிப் படித்தாலும் பெரிய பிழையில்லை. 1.2 வடிவக் குறிப்பில் அந்த வட்டின் சொந்த யூயூஐடியோடு, அணியில் எந்த உறுப்புக்கு எந்தப் பங்கு என்ற அட்டவணையும் இருக்கிறது. கட்டளை விளக்கத்தில் போட்டுப் பார்த்தேன்: “வட்டை வேறு பணிக்கு எடுக்குமுன் உறுப்பேட்டை அழிக்கவும்.” இடறவில்லை. ‘பெருந்தொகுதி’யைக் கோப்பு முறைமைக்கே விட்டுவிடலாம்.